அணைத்துவிட்டேன் என்கிறது கணினி, எரிகிறது விளக்கு

கேள்வி



நான் பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன வருஷம் சாதாரண தரப் பிள்ளைகளும் நானுமாகச் சேர்ந்து, பாடசாலைக்கு மேலே உள்ள மேட்டில் ஒரு மழைமானி பூட்டினோம். சின்ன வாளி நிறைந்து கவிழும் வகை. கவிழ்வதை எண்ணுவதற்கு ஒரு ராஸ்பெரி பை 3, செய்தி அனுப்ப ஒரு 4ஜி டொங்கிள், எல்லாவற்றுக்கும் ஒரு சோலார் தகடும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பேட்டரியும். தோட்டத்தில் ஆறேழு பேருடைய போனுக்கு மணிக்கொரு தடவை மழை அளவு போய்ச் சேரும்.

பிரச்சினை டொங்கிளில். நாலைந்து நாள் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு அதன் விளக்கு எரிந்தபடி இருக்கும், செய்தி மட்டும் போகாது. அட்டைக் கடியோடு மேலே ஏறிப்போய்ப் பிடுங்கித் திருப்பிச் செருகினால் சரியாகிவிடும். மழை நாளில்தான் இப்படி ஆகிறது, மழை நாளில்தான் ஏறவும் முடியவில்லை. கட்டளை கொடுத்தே டொங்கிளின் கரண்டை நிறுத்தித் திருப்பிப் போடலாம் என்று கேள்விப்பட்டு முயன்றேன். லினக்ஸில் அதற்குரிய பவர் கோப்பில் ‘ஆட்டோ’ என்று எழுதினேன். டிரைவரில் இருந்து கழற்றியும் பார்த்தேன். டொங்கிள் போய்விட்டது என்று கணினி சொல்கிறது. டொங்கிளின் விளக்கோ எரிந்துகொண்டே இருக்கிறது. ஏன்? அணைக்க முடிந்தால் பேட்டரியும் மிச்சமாகும் அல்லவா?

இன்னொன்று. என் தம்பி தோட்டத்து ஸ்டோரில் வேலை. கொழுந்து நிறுக்கும் தராசை யூ.எஸ்.பி. கன்வேர்ட்டர் வைத்து ஆபீஸ் கொம்பியூட்டரோடு இணைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் தராசு பதில் சொல்லாது. மேசையில் இருக்கும் யூ.எஸ்.பி. விளக்கையும் காற்றாடியையும் கொம்பியூட்டரிலேயே அணைக்க வழி உண்டா என்றும் கேட்கிறான்.

விஞ்ஞான ஆசிரியை, பசறை

பதில்

டீச்சர், நீங்கள் கொடுத்த கட்டளைகள் இரண்டுமே பிழை இல்லாமல் நிறைவேறியிருக்கின்றன. கரண்டை நிறுத்துவது அந்தக் கட்டளைகளின் வேலை அல்ல, அவ்வளவுதான்.

சாதாரண யூ.எஸ்.பி. வயரின் தோலை உரித்தால் உள்ளே நாலு இழை இருக்கும். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு நிலம், பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. மென்பொருள் என்ன செய்தாலும் பச்சை வெள்ளை வழியாகத்தான் செய்கிறது. சிவப்பு இழை பெரும்பாலான கணினிகளில் ஒரு பாதுகாப்பு உருகியைத் தாண்டி நேரே 5 வோல்ட் வழங்கியில் போய் முடிகிறது. நடுவில் சுவிட்ச் என்று ஒன்றும் கிடையாது. இல்லாத சுவிட்சை எந்த மென்பொருளாலும் தட்ட முடியாது.

‘ஆட்டோ’ என்று எழுதினீர்களே, அது சாதனத்தைத் தூங்க வைப்பதற்கு. லினக்ஸில் வேறு விதமாக மாற்றாவிட்டால், 2 விநாடி வேலையில்லாமல் இருந்ததும் அந்தப் பாதையில் பேச்சு நிற்கும். பேச்சு நின்றதைக் கண்ட சாதனம் தானாகவே தன் நுகர்வைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது யூ.எஸ்.பி. விதி. விழித்திருக்கும்போது 500 மில்லி அம்பியர் வரை இழுக்க உரிமை உள்ள சாதனம், தூங்கும்போது 2.5 மில்லி அம்பியருக்குள் அடங்கவேண்டும். அடங்குவதும் அடங்காததும் சாதனத்தின் கையில். 5 வோல்ட் அப்படியே வாசலில் காத்து நிற்கும். உங்கள் டொங்கிள் தூங்குமா என்பதே இன்னொரு கதை. இணைய இணைப்பு திறந்திருக்கும்வரை பல டொங்கிள்களை ஓய்ந்திருப்பதாக லினக்ஸ் கருதாது.

டிரைவரில் இருந்து கழற்றுவது அதைவிடவும் மேலோட்டமானது. கணினி தன் பேரேட்டில் இருந்து டொங்கிளின் பெயரை வெட்டிவிடுகிறது. இனி அதோடு பேசாது.  உள்ளே சிக்கிப்போன அதன் மென்பொருள் சிக்கியபடியே இருக்கும், விளக்கும் எரியும்.

உண்மையாகவே சிவப்பு இழையைத் துண்டிக்கும் வழி ஒன்று இருக்கிறது. யூ.எஸ்.பி. தரம் எழுதியவர்கள் ஆரம்பத்திலேயே அதற்கு இடம் வைத்தார்கள். ஒரு ஹப்புக்குள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி மின்சுவிட்ச் இருக்கலாம், அல்லது எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஒன்று இருக்கலாம். அந்தச் சுவிட்சைத் தட்டச் சொல்லும் கட்டளையும் தரத்திலேயே உண்டு. லினக்ஸில் அந்தக் கட்டளையை அனுப்ப ஒரு சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. யூ, ஹப், சி, டி, எல் என்று இடைவெளி விடாமல் தட்டினால் கிடைக்கும். வெறுமனே ஓடவிட்டால் மின்சுவிட்ச் வைத்திருப்பதாகச் சொல்லும் ஹப்புகளை மட்டும் பட்டியல் போட்டுக் காட்டும்.

‘வைத்திருப்பதாகச் சொல்லும்’ என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். ஹப்பின் நடுச்சிப் இந்த வசதியோடு வரும். ஆனால் அந்தச் சிப்பின் ஆணைக்குக் கரண்டை வெட்ட வேண்டிய சுவிட்ச் பாகத்தைத் தனியாக வாங்கி ஒட்டவேண்டும். மலிவு ஹப் செய்பவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடித்துவிட்டு, சிவப்பு இழைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். சிப்புக்கு இது தெரியாது. ‘அணை’ என்றால் ‘அணைத்தாயிற்று’ என்று பதில் சொல்லும். கணினியும் நம்பிவிடும். பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் விற்பவர் சொல்வதையும் நம்பாமல், பத்துப் பதினைந்து யூ.எஸ்.பி. விளக்குகள் கிடக்கும் ஏதாவது ஒரு கடையில் ஒன்றை வாங்கி வந்து செருகிப் பாருங்கள். அந்த விளக்குக்குப் பேசத் தெரியாது, பச்சை வெள்ளை இழைகளோடு அதற்கு வேலையும் இல்லை. கட்டளை கொடுத்து அது அணைந்தால் சுவிட்ச் உண்டு. எரிந்தால் இல்லை. இதைவிட நேர்மையான சோதனைக் கருவி எனக்குத் தெரியாது.

இனி உங்கள் பைக்கு வருவோம். ராஸ்பெரி பை 3-இல் நிஜமான சுவிட்ச் இருக்கிறது. அந்த வகையில் அதிர்ஷ்டம். ஆனால் ஒன்றே ஒன்றுதான். லயத்து நாலு காம்பராவுக்கும் சேர்த்து ஒரே மெயின் சுவிட்ச் வைத்த மாதிரி, நாலு யூ.எஸ்.பி. வாசலும் ஒன்றாக அணையும், ஒன்றாக எரியும். அந்த மென்பொருளில் ஹப்பின் இடம் 1-1, போர்ட் 2, செயல் ‘ஆஃப்’ என்று கொடுத்தால் நாலிலும் 5 வோல்ட் போய்விடும். போர்ட் 3, 4, 5 என்று கொடுத்தால் ஒன்றும் நடக்காது. போர்ட் 1 வலையமைப்பு வயருக்கு உரியது, அதைத் தொடாதீர்கள். ‘ஆஃப்’ என்பதற்குப் பதிலாக ‘சைக்கிள்’ என்று கொடுத்தால் அணைத்து, 2 விநாடி பொறுத்து, தானே திரும்பப் போடும். டொங்கிளுக்கு 2 விநாடி போதாது. அதன் உள்ளே உள்ள மின்தேக்கிகள் வடியும்வரை 10 விநாடியாவது கொடுங்கள். நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். பை 4 வாங்கினால் தனித்தனியாக அணைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதிலும் எல்லாம் ஒன்றாகத்தான்.

நாலும் ஒன்றாக அணைவதால் ஒரு காரியம் பார்க்கவேண்டும். மழைக் கணக்கை ஒரு பென் டிரைவில் எழுதி வைக்கிறீர்களா? அப்படியானால் டொங்கிளை அணைக்கும்போது அதுவும் பாதி எழுத்தில் செத்துப்போகும். கணக்கை மெமரி கார்டுக்கே மாற்றிவிடுங்கள். வாளி கவிழ்வதை எண்ணும் வயர் பையின் ஊசிமுனைகளில் நேரே இணைந்திருப்பதால் அதற்கு ஆபத்தில்லை. டொங்கிள் அணைந்திருக்கும்போது பெய்யும் மழையும் எண்ணப்படும்.

அடுத்தது, இந்தக் கட்டளையை யார் கொடுப்பது என்பது. நீங்கள் பசறையில் வீட்டில் இருந்துகொண்டு, அதே டொங்கிள் வழியாகப் பைக்குள் நுழைந்து ‘ஆஃப்’ என்று அனுப்பினால், ‘ஆன்’ என்று அனுப்ப வழியே இல்லாமல் போய்விடும். டொங்கிள் சிக்கிக்கொண்ட நேரத்தில் ‘ஆஃப்’ கூடப் போய்ச் சேராது. ஆகவே முடிவு எடுக்கும் மூளை மேட்டிலேயே இருக்கவேண்டும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பை தானே சோதித்து, தானே அணைத்து, தானே போடும்படி ஒரு சிறு நிரல் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.

அந்த நிரலில் அவசரம் கூடாது. முதலில் இணைப்பை மட்டும் விட்டுத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். சரிவராவிட்டால் டொங்கிளையே மறுபடி தொடங்கும்படி மோடம் கட்டளை ஒன்று அனுப்பலாம். பல டொங்கிள்கள் அதற்குக் கீழ்ப்படியும். அதுவும் பலிக்காதபோதுதான் கரண்டை வெட்டுவது. வெட்டிப் போட்டபின் டொங்கிள் கண் விழித்து, போன் கோபுரத்தைத் தேடி, பதிவு செய்துகொள்ள ஒரு நிமிஷமோ அதற்கு மேலோ எடுக்கும். அதற்குள் ‘இன்னும் வரவில்லையே’ என்று நிரல் மறுபடி வெட்டினால் அது ஒரு நாளும் எழும்பாது. முதல் தடவை பலிக்காவிட்டால் 10 நிமிஷம் பொறுக்கட்டும், அடுத்தது அரை மணி, பிறகு 2 மணி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் கரண்ட் போனது, போனும் போனது. கோபுரமே செத்துக் கிடக்கும்போது உங்கள் டொங்கிளை நூறு தரம் அணைத்துப் போட்டு ஆவது ஒன்றுமில்லை. பேட்டரிதான் தீரும்.

சரி, டொங்கிளைப் பை கவனிக்கிறது, பையை யார் கவனிப்பது? பையின் சிப்புக்குள்ளேயே ஒரு காவல் கடிகாரம் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், லினக்ஸ் உறைந்துபோய் 15 விநாடிக்குள் ‘இருக்கிறேன்’ என்று தட்டாவிட்டால் அது பையை மறுபடி தொடங்கிவிடும். ஒரு சதமும் செலவில்லாத வசதி. ஆனாலும் பலர் இதை இயக்குவதே இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் தரம் வாசித்தது வேறு ஒரு வரிக்காக. மழை நாளில்தான் இப்படி ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அணைத்துப் போடுவது வைத்தியம்தான், நோய் அந்த வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மழை நாளில் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கக்கூடும். சோலார் தகட்டுக்கு வெயில் இல்லாமல் பேட்டரியின் வோல்ட் இறங்குகிறது. மலை மறைவில் ஏற்கெனவே மெலிந்த சிக்னல் இன்னும் மோசமானால், டொங்கிள் முழுப் பலத்தோடு கத்தவேண்டி வரும். கத்தும்போதெல்லாம் கூடுதல் கரண்ட் இழுக்கும். 4ஜி கிடைக்காமல் பழைய 2ஜிக்கு இறங்கக்கூடிய டொங்கிளாக இருந்தால், உள்ளே உள்ள மோடம் கணநேரத் துடிப்புகளில் 2 அம்பியர் வரைகூட இழுக்கும். பை 3 தன் நாலு வாசலுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியதே 1.2 அம்பியர்தான். அதுவும் நல்ல வழங்கி இருந்தால். 12 வோல்டை 5 ஆக இறக்கும் மலிவான கன்வேர்ட்டரும், தலைமயிர் தடிப்பில் செம்பு வைத்த போன் சார்ஜர் வயரும் நடுவில் இருந்தால், அந்தத் துடிப்பின்போது டொங்கிளுக்குப் போய்ச் சேர்வது 5 வோல்ட் அல்ல. வோல்ட் ஒரு கணம் சரிந்து மீளும். டொங்கிள் முழுதாகச் சாகவும் மாட்டாது, முழுதாகப் பிழைக்கவும் மாட்டாது. விளக்கு எரியும், மூளை வேலை செய்யாது. நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான்.

இதைச் சந்தேகமறத் தெரிந்துகொள்ள வழி உண்டு. பைக்கு வரும் மின்சாரம் 4.63 வோல்டுக்குக் கீழே இறங்கினால் லினக்ஸின் பதிவேட்டில் ‘அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்’ என்று ஒரு வரி விழும். திரை இணைத்திருந்தால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். மேட்டில் இருந்து மெமரி கார்டைக் கொண்டுவந்து, டொங்கிள் சிக்கிய நேரத்துக்குப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நிரல் எழுதுவதற்கு முன்னால் வயரை மாற்றுங்கள். 3 அம்பியர் தாங்கும் கன்வேர்ட்டர் ஒன்று, அதிலிருந்து பைக்குக் குட்டையான தடித்த வயர் ஒன்று. டொங்கிளை ஒரு நல்ல நீட்டு வயரில் பெட்டிக்கு வெளியே, மழை படாத உயரத்தில், கோபுரத்தைப் பார்த்தபடி கட்டுங்கள். சிக்னல் கூடினால் கத்தல் குறையும், கத்தல் குறைந்தால் கரண்டும் குறையும். பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

தனிக் கரண்ட் வரும் ஹப் ஒன்றை வாங்கி டொங்கிளை அதில் செருகச் சொல்பவர்கள் இருப்பார்கள். வோல்ட் பிரச்சினைக்கு அது நல்ல மருந்து. ஆனால் அதன்பின் பையின் சுவிட்சால் டொங்கிளை அணைக்க முடியாது, அந்த ஹப்புக்கே நிஜமான சுவிட்ச் இருந்தாலொழிய. போதாக்குறைக்கு, சில ஹப்புகள் மேல்நோக்கிப் பைக்கே கரண்டைக் கசியவிடும். பையை அணைத்த பின்னும் அதன் விளக்கு மங்கலாக எரிந்தால் அதுதான் காரணம்.

இனிப் பேட்டரிக் கணக்கு. 12 வோல்ட் 7 அம்பியர்-மணி என்றால் 84 வாட்-மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும், ஆக கைக்கு வருவது 42. டொங்கிள் சராசரி 200 மில்லி அம்பியர் இழுப்பதாக வைத்தால் 1 வாட், ஒரு நாளைக்கு 24 வாட்-மணி. மணிக்கு 5 நிமிஷம் மட்டும் போட்டு அணைத்தால் அது 2 ஆகிவிடும். பெரிய மிச்சம்தான். ஆனால் பை 3 சும்மா இருக்கும்போதே சுமார் 300 மில்லி அம்பியர் குடிக்கிறது. 1.5 வாட், நாளைக்கு 36 வாட்-மணி. ஆக இப்போது வெயிலே இல்லாமல் சுமார் 17 மணித்தியாலம் தாங்கும் பெட்டி, டொங்கிளை அணைத்து அணைத்துப் போட்டால் 26 மணித்தியாலம் தாங்கும். கன்வேர்ட்டரில் போகும் நட்டத்தை நான் சேர்க்கவில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நமுனுகுலப் பக்கம் மூன்று நாள் தொடர்ந்து வெயில் எட்டிப் பார்க்காது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெருந்தீனிக்காரன் டொங்கிள் அல்ல, பை. அதற்கு உண்மையான தூக்கம் தெரியாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பை வகுப்பறைக்கு நல்லது, மேட்டுக்குச் சரியில்லை. இஎஸ்பி32 போன்ற ஒரு நுண்கட்டுப்படுத்தி ஆழ்தூக்கத்தில் இருக்கும்போது அந்தச் சிப் குடிப்பது மில்லி அம்பியரில் நூறில் ஒரு பங்கு அளவு. வாளி கவிழ்ந்தால் விழித்து எண்ணிவிட்டுத் திரும்பத் தூங்கும். அதோடு ஒரு சிறு மோடம் சேர்த்தால் யூ.எஸ்.பி.யே தேவையில்லை, மோடத்தின் கரண்டை வெட்ட ஒரு சுவிட்ச் பாகம் போதும். உடனே மாற்றச் சொல்லவில்லை. அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமே.

அதுவரை, பையின் ஒட்டுமொத்தச் சுவிட்ச் பிடிக்கவில்லை என்றால், டொங்கிளின் நீட்டு வயரில் நீங்களே சுவிட்ச் வைக்கலாம். சிவப்பு இழையை மட்டும் வெட்டி நடுவில் ஒரு ரிலே. கறுப்பை வெட்டவேண்டாம். நிலம் போனால் கரண்ட் பச்சை வெள்ளை வழியே வழி தேடும், அது டொங்கிளுக்கும் பைக்கும் நல்லதல்ல. பையின் ஊசிமுனை ஒன்று கொடுக்கக்கூடியது 16 மில்லி அம்பியர், சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருளுக்கு வேண்டியதோ 70 அளவில். நேரே இணைத்தால் பை பழுதாகும். நடுவில் டிரான்சிஸ்டரோடு வரும் ரிலே பலகையாகப் பார்த்து வாங்குங்கள். சும்மா இருக்கும்போது இணைப்பு மூடியிருக்கும் பக்கத்தில் சிவப்பைப் பூட்டினால், ரிலேக்குக் கரண்ட் போகாதபோது டொங்கிள் ஓடும். பை செத்தாலும் டொங்கிள் அணையாது. ஆனால் மணிக்கு 55 நிமிஷம் அணைத்து வைக்கப்போகிறீர்கள் என்றால் மறுபக்கத்தில் பூட்டுவதே மேல், இல்லாவிட்டால் மிச்சம் பிடித்ததை ரிலே குடித்துவிடும்.

மணிக்கொரு தடவைதான் டொங்கிள் விழிக்கும் என்று வைத்தால், நடுவில் கொட்டும் மழையை யார் சொல்வது? இதற்கு ஒரு விலக்கு எழுதவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குப் பார்க்கும் எல்லைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேற்றம். உங்கள் வாளி ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மில்லிமீற்றர் வகை என்றால் 75 மில்லிமீற்றர் என்பது 375 கவிழ்ப்பு. பத்து நிமிஷத்தில் 40 கவிழ்ப்பைத் தாண்டினால், மணி ஆகாவிட்டாலும் டொங்கிளுக்குக் கரண்ட் கொடுத்து உடனே செய்தி போகட்டும். இந்த 40 என்பது என் யோசனைதான். உங்கள் மேட்டுக்கு எது சரி என்று ஒரு பருவம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. செய்தி வராவிட்டால் தோட்டத்தில் போன் வைத்திருக்கும் அந்த ஆறேழு பேர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? ‘மழை இல்லைப் போல’ என்று எடுத்துக்கொண்டால் இந்தக் கருவி இல்லாமல் இருப்பதே மேல். மழை இல்லாதபோதும் மணிக்கொரு தடவை ‘0’ என்று செய்தி போகவேண்டும். அதோடு பேட்டரி வோல்டும் சேர்ந்து போகட்டும். இரண்டு தடவை தொடர்ந்து ஒன்றும் வராவிட்டால் கருவி ஊமையாகிவிட்டது, கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆபத்து என்று தோன்றினால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எண்ணுக்குச் சொல்லலாம் என்பதையும். உங்கள் பெட்டியின் பக்கத்தில் சாதாரணக் கைமழைமானி ஒன்றும் இருக்கட்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற அறிவிப்பு வருஷக்கணக்காகவே இருந்தது. அறிவிப்பு ஆட்களை அசைக்கவில்லை. அதற்கு டொங்கிளிடம் மருந்து கிடையாது. யாருக்குச் செய்தி போகிறது, போனால் அவர்கள் எங்கே போய்த் தங்குவார்கள் என்பதைத் தோட்டத்தாரோடும் கிராம சேவகரோடும் பேசி வைக்கவேண்டும்.

இனித் தம்பியின் தராசு. அவருடைய பிரச்சினை உங்களுடையதற்கு நேர் எதிர். உங்களுக்கு அணைக்கவேண்டியது அணையவில்லை, அவருக்கு அணையக்கூடாதது தூங்குகிறது. விண்டோஸ், வேலையில்லாத யூ.எஸ்.பி. சாதனத்தைத் தூங்க வைக்கும். நல்ல சாதனம் கூப்பிட்டதும் விழிக்கும். மலிவான கன்வேர்ட்டர்களில் பல விழிக்காது, அல்லது பாதி விழிக்கும். டிவைஸ் மேனேஜரில் ‘யூ.எஸ்.பி. ரூட் ஹப்’ ஒவ்வொன்றின் பண்புகளையும் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் கரண்டை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். கன்வேர்ட்டருக்கும் அப்படி ஒரு பக்கம் இருந்தால் அதிலும். பிறகு பவர் திட்டத்தின் மேல்நிலை அமைப்புகளில் ‘யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை நிறுத்தவேண்டும். கன்வேர்ட்டரை எப்போதும் ஒரே வாசலில் செருகச் சொல்லுங்கள். வாசல் மாறினால் விண்டோஸ் அதற்கு வேறு ‘காம்’ எண் கொடுத்துவிடலாம், நிறுவை மென்பொருளோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

தராசு ஆபீஸில் இருந்து எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. யூ.எஸ்.பி. வயர் 5 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. தூரம் கூட என்றால் கன்வேர்ட்டரைக் கொம்பியூட்டர் பக்கம் வைத்துவிட்டு, தராசில் இருந்து வரும் பழைய சீரியல் வயரை நீட்டவேண்டும். அது 15 மீற்றர் வரை தாங்கும். அந்த வயர் வாட்டும் தளத்துக் காற்றாடி மோட்டார்களின் கேபிளோடு ஒட்டிப் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மோட்டார் தொடங்கும் நேரத்தில்தான் தராசு ஊமையாகிறது என்றால், நான் மேலே சொன்ன விண்டோஸ் அமைப்புகள் எதுவும் உதவாது.

மேசை விளக்குக்கும் காற்றாடிக்கும் பதில் சுருக்கம். அவை பேசத் தெரியாத சாதனங்கள், அவை செருகியிருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. நிஜமான சுவிட்ச் உள்ள ஹப் வாங்கி, அதற்குக் கட்டளை அனுப்பி அணைக்கலாம்தான். ஆனால் வயரிலேயே சுவிட்ச் உள்ள யூ.எஸ்.பி. நீட்டு வயர்கள் கடையில் கிடைக்கும்போது அந்தச் செலவு வீண். மென்பொருளே இல்லாமல் அணைப்பதில் நமக்கு அனுபவம் குறைவா? 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு முழு இலங்கையையும் அணைத்துக் காட்டியதே.

நீங்கள் முதலில் செய்யவேண்டியது அந்தப் பதிவேட்டைப் பார்ப்பது. ‘அண்டர்-வோல்டேஜ்’ வரி இருந்ததா இல்லையா என்றும், டொங்கிள் சிக்கிய நேரத்தில் பேட்டரியில் எத்தனை வோல்ட் இருந்தது என்றும் எழுதுங்கள். அந்த வரி இல்லை என்றால் பிழை டொங்கிளின் உள்மென்பொருளில் இருக்கலாம். அப்போது அதன் மாதிரி எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.